தண்ணீருக்குள் ஒரு வேலி
கண்டிச் சீமையில் மீன் வளர்ப்பின் கதை

எங்கள் மஹல்லாப் பள்ளிக்கு ஒரு வயல் இருக்கிறது. வக்பு வயல். ஓயாவின் வளைவில், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடக்கும் பள்ளக்காணி அது. அதில் வந்த நெல்லைக் கொண்டு ஒரு காலத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சினார்கள் என்று உம்மும்மா சொல்வார். இப்போது வரப்பு தெரியாது, கோரையும் ஆம்பலும்தான். மழை பெய்தால் முதலில் நிறைவதும் கடைசியில் வடிவதும் அந்த வயல்தான்.

போன வருஷம் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் இந்த வயலைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு சாரார் மண் போட்டு நிரப்பி ஆறு கடை கட்டுவோம் என்றார்கள். வாலிபர்கள் சிலர் வேறு யோசனை வைத்திருந்தார்கள். வயலின் ஆழமான பக்கத்தை மூங்கிலாலும் வலையாலும் அடைத்து, அதற்குள் மீன் வளர்க்கலாம் என்றார்கள்.

முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: “தண்ணிக்குள்ள ஈக்கிற மீன எப்பிடி விக்கிற? அது யாருட மீன்?”

ஒரு பொடியன் பின்னாலிருந்து சொன்னான்: “சாச்சா, வேலி போட்டா அது நம்மட மீன்தானே.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த இரண்டு வசனமும் தலைக்குள் தங்கிவிட்டன. வரலாறு படித்தவன் என்ற காரணத்தால், இது பற்றி ஒரு குறிப்பு எழுதித் தரும்படி நம்பிக்கையாளர் சபை என்னிடம் கேட்டது. அந்தக் குறிப்பு நீண்டு போனதன் விளைவே இக்கட்டுரை.

அரசனின் மீன்

கண்டிச் சீமையில் மீனைப் பற்றி விரிவாக எழுதியவர்களில் முந்தியவர் ரொபட் நொக்ஸ். 1660 முதல் 1679 வரை கண்டி அரசனின் கைதியாக இங்கே வாழ்ந்து, தப்பிப் போய், 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்ட ஆங்கிலேயர். கணுக்கால் அளவு தண்ணீர் கிடக்கும் குழியில்கூட மீன் இருப்பதை அவர் ஆச்சரியத்தோடு குறிக்கிறார். குச்சிகளை நெருக்கமாகக் கட்டிய, அடி அகன்று வாய் குறுகிய கூடையைச் சேற்றில் குத்தி, உள்ளே மீன் துடிப்பது கையில் தெரிந்ததும் மேல் வாயால் கையை விட்டு எடுக்கும் முறையை அவர் வர்ணிப்பதை வாசித்தபோது நான் ஒருகணம் நிறுத்தினேன். அதே கூடையை என் சின்ன வயசில் பக்கத்து ஊர்ச் சிங்கள நண்பனின் வீட்டுக் கூரையில் செருகியிருக்கக் கண்டிருக்கிறேன். மகாவலியில் பெரிய மீன்கள் நிறைய உண்டு என்றும், கொடியில் இலைக் கொப்புகளைத் தொங்கவிட்டு ஆற்றோடு இழுத்து மீனை வெருட்டி, பாறை இடுக்குகளில் வைத்த பொறிகளுக்குள் விழுத்துவார்கள் என்றும் எழுதுகிறார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று. அரசனின் மனமகிழ்வுக்காகச் சில இடங்களில் மீன்கள் காக்கப்பட்டன, அவற்றுக்கு உணவு போடப்பட்டது, குடிமக்கள் அவற்றில் கைவைக்க முடியாது என்கிறார் நொக்ஸ். ஆகவே இந்த மலைநாட்டில் மனிதன் தீனி போட்டு வளர்த்த மீனைப் பற்றி நாம் முதலில் கேள்விப்படும்போதே, அது தின்பதற்கான மீனாக இருக்கவில்லை. பார்ப்பதற்கான மீனாகவே இருந்தது. வேலி எதுவும் தேவைப்படவில்லை. அரசனின் ஆணையே வேலி.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பிறகு, 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தலதா மாளிகைக்கு முன்னால் கிடந்த வயல்வெளியை மறித்து ஏரியாக்கத் தொடங்கினான். இன்றும் அந்த ஏரிக்கரையில் நின்று பொரி போட்டால் மீன்கள் கூட்டமாக மேலே வரும். பிடிக்கத் தடை. ராஜ்யம் போய் இருநூறு வருஷத்துக்கு மேலாகியும், கண்டியின் நடுவில் மீன் இன்னமும் பார்ப்பதற்கான ஒன்றாகவே நீந்துகிறது.

தவளத்தில் வந்த மீன்

அப்படியானால் மலைநாட்டார் தின்ற மீன் எங்கிருந்து வந்தது? வயலிலும் ஓடையிலும் பிடித்தது போக, மீதி கடற்கரையிலிருந்து காய்ந்து வந்தது. கொண்டுவந்தவர்களில் நம் மூத்தோருக்குப் பெரிய பங்குண்டு.

கண்டி ராஜ்யத்தில் போக்குவரத்துக்கென்று ‘மடிகே பத்த’ என்ற ஒரு திணைக்களம் இருந்தது. பொதி மாடுகளை ஓட்டும் அந்த ஊழியத்தில் பெரும்பாலும் முஸ்லிம்களே இருந்தார்கள் என்பதை லோனா தேவராஜா தன் ஆய்வில் எடுத்துக்காட்டியிருக்கிறார். குருநாகல் பக்கத்து மடிகே மிதியால போன்ற ஊர்ப் பெயர்களில் அந்த நினைவு இன்றும் ஒட்டியிருக்கிறது. தவளம் என்றால் பொதிமாட்டு வரிசை. பாக்கும் மிளகும் கீழே போகும். உப்பும் கருவாடும் மேலே வரும். 1766இல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையால் கண்டி அரசன் கரையோரம் முழுவதையும் இழந்தபோது, உப்புக்கும் கருவாட்டுக்கும் மலைநாடு இன்னும் இறுக்கமாக வெளியாரில் தங்கியது. தவளத்தின் மணியோசை கேட்டால்தான் கறிச்சட்டியில் வாசம்.

1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. தவளம் மெல்ல ஓய்ந்தது. ஆனால் தொழில் நம் கையை விட்டுப் போகவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பஸாரில் வாப்பா நடத்திய கடையில் கட்டாவும் நெத்தலியும் மாசியும் சாக்குகளில் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அந்தச் சாக்குகளுக்கு நடுவிலிருந்துதான் பாடம் படித்தேன். என் புத்தகங்களிலும் அந்த மணம். வாப்பாவிடம் ஒருமுறை கேட்டேன், “மகாவலி இவ்வளவு பக்கத்தில ஈக்கி, ஏன் நாங்க கடல் மீன விக்கிற?” என்று.

“ஆத்து மீன் தின்னுறவனுக்கு, கடல் மீன் விக்கிறவனுக்கு” என்றார் அவர். அப்போது விளங்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஆற்று மீன் பிடித்தவன் அதைப் பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுபோனான். சந்தைக்கு வரும் அளவுக்கு அது ஒருபோதும் இருக்கவில்லை. உள்நாட்டு மீனைச் சந்தைப் பொருளாக்கிய மாற்றம் வாப்பாவின் காலத்திலேயே நடந்துகொண்டிருந்தது. கருவாட்டுச் சாக்குகளுக்கு இடையில் இருந்த நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த குடிகள்

இலங்கையில் இயற்கையான ஏரிகள் இல்லையென்றே சொல்லலாம். ஆயிரக்கணக்கான குளங்கள் எல்லாம் மனிதன் கட்டியவை. ஆகவே நம் சுதேச மீன்கள் ஆற்றுக்கும் சதுப்புக்கும் பழகியவை. பரந்த நிலைநீரை நிரப்பும் குணம் அவற்றுக்குக் குறைவு. இதை விஞ்ஞானிகள் எடுத்துச் சொல்வதற்கு முன்பே வெளிமீன்கள் வரத் தொடங்கிவிட்டன. 1880களில் தோட்டத்துரைமார் நுவரெலியாவின் குளிரோடைகளில் ட்ரவுட் மீனை விட்டார்கள். அது தூண்டில் விளையாட்டுக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குராமியும் கெண்டையும் வந்தன.

உண்மையில் சாப்பாட்டை மாற்றியது திலாப்பியாதான். பிறப்பு ஆபிரிக்கா, ஜாவாவிலும் சிங்கப்பூரிலும் தங்கி, 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தது. 1952இல் பராக்கிரம சமுத்திரத்தில் விடப்பட்டது. தமிழ்நாட்டார் ஜிலேபி என்று செல்லமாகக் கூப்பிடும் இந்த மீன் ஏனைய குளங்களுக்கும் பரவி, நம் உள்நாட்டு மீன்பிடியின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது.

பிறகு மகாவலித் திட்டம். 1976இல் பொல்கொல்ல அணை ஆற்றை மறித்து, எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளைக்குத் தண்ணீரைத் திருப்பியது. 1985இல் விக்டோரியா அணை 122 மீற்றர் உயரத்தில் எழுந்தது. பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் போனது. கடை, வயல், மையவாடி என்று மனிதர்கள் விட்டுவந்தவற்றின் மேல் திலாப்பியா மேய்ந்தது. ஓயாக்கள் மட்டும் ஓடிய சீமையில் இரண்டாயிரம் ஹெக்டயருக்கும் மேற்பட்ட நிலைநீர் உண்டாகிவிட்டது. வாப்பாவின் கடைக்கு எதிரே ஒருவர் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வந்து பச்சைத் திலாப்பியா விற்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். வாப்பா கொஞ்சநாள் முகத்தைச் சுளித்தார்; பிறகு அவரே வாங்கிப்போய்ப் பொரிக்கச் சொன்னார்.

குஞ்சுக்குத் தேவை வேலி

இனி அடைப்புக்கு வருவோம். பொடியன் சொன்ன வேலி புதுசல்ல.

மீன் பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சு நகத்தளவு இருக்கும். அதை நேரே குளத்தில் கொட்டினால் விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் விருந்து. விரல் நீளத்துக்கு வளர்ந்த பிறகு விட்டால் தப்பிப் பிழைப்பவை பலமடங்கு. ஆகவே குளமீன் பெருக்கத்தின் சூட்சுமம், நகத்தளவுக்கும் விரலளவுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று மாதத்தைக் கடத்துவதில் இருக்கிறது. தனியாகத் தொட்டி வெட்டிக் கடத்தலாம். அதற்குக் காணி வேண்டும், காசு வேண்டும். அல்லது அந்த நீர்நிலையின் ஓரத்திலேயே ஒரு துண்டை வேலியால் அடைத்து, உள்ளேயிருக்கும் விராலைப் பிடித்து அகற்றிவிட்டு, குஞ்சை அங்கே வளர்க்கலாம். வளர்ந்ததும் வேலியைத் திறந்தால் போதும். ஏற்றியிறக்கும் சேதமும் இல்லை.

இந்தியாவின் அஸ்ஸாமில் ஏறத்தாழ ஒரு இலட்சம் ஹெக்டயர் ‘பீல்’கள் உண்டு, பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளிச் சதுப்புகள் அவை. 1947இல் நிறுவப்பட்டு, இன்று வங்காளத்தின் பாரக்பூரில் இயங்கும் மத்திய உள்நாட்டு மீன்பிடி ஆராய்ச்சி நிலையம் அந்த பீல்களில் இந்த முறையைப் பரப்பியது. மூங்கில் தட்டியைச் சேற்றுக்குள் புதைத்து, வலை கட்டி, உள்ளே ரோகும் கட்லாவும் மிரிகாலும் வளர்த்து, விரலளவானதும் பீலுக்குள் விடுவார்கள். சதுப்பின் விளைச்சல் முழுவதும் கூடுகிறது. பிடிப்பது பழைய மீனவர்களே.

இன்னொரு வகை மிதக்கும் கூடு. அதன் தாய்வீடு கம்போடியா என்பார்கள். தொன்லே சாப் பேரேரியிலும் மீகொங் ஆற்றிலும் பிடித்த மீனை உயிரோடு சந்தைக்குக் கொண்டுபோக மூங்கில் கூட்டில் அடைத்தவர்கள், காலப்போக்கில் கூட்டிலேயே தீனி போட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். அந்த நீரில் தலைமுறைகளாக மீன்பிடித்து வாழ்பவர்களில் சாம் முஸ்லிம்கள் குறிப்பிடத்தக்கவர்கள். மிதக்கும் வீடு, அருகே மீன்கூடு, கரையில் பள்ளி. நம் சமூக வரலாறு எழுதும்போது துறைமுகத்து வியாபாரிகளையே தேடுகிறோம். நன்னீரில் வலைவீசிய சகோதரர்கள் நம் கண்ணில் படுவதில்லை.

நம் நாட்டில் நீர்கொழும்புக் களப்பில் கண்டல் கொப்புகளை வட்டமாக நட்டு, மீன் வந்து தங்கியதும் சுற்றி வலைபோட்டு எடுப்பது பழைய வழக்கம். அதுவும் ஒருவித அடைப்புத்தான். 1980களில் உடவளவை போன்ற நீர்த்தேக்கங்களில் வலைக்கூட்டுக்குள் திலாப்பியா வளர்த்துப் பார்த்தார்கள்.

எது எங்கே பொருந்தும் என்பது நிலத்தைப் பொறுத்தது. நிலத்தில் ஊன்றும் வேலிக்கு ஆழம் குறைந்த, சேற்றுத்தரையுள்ள, நீர்மட்டம் அதிகம் ஏறியிறங்காத இடம் வேண்டும். விக்டோரியாவில் கரை செங்குத்து. மின்சாரத்துக்குத் தண்ணீர் விட விட மட்டம் பல மீற்றர் இறங்கும். இன்று தண்ணீரில் நிற்கும் வேலி இரண்டு மாதத்தில் வெயிலில் நிற்கும். அங்கே மிதக்கும் கூடு மட்டுமே சாத்தியம். ஊன்றிய வேலி வயற்பள்ளத்துக்கும் தெனியவுக்கும் ஏற்றது. எங்கள் வக்பு வயல் அந்த வகை.

வேலி போடாமலே மூடிய கதவு

1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கும் மீன் வளர்ப்புக்கும் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற பௌத்த சமய நோக்கில் எடுத்த முடிவு அது. அரசின் மீன் பொரிப்பகங்கள் தனியார் கைக்குப் போயின. குளங்களில் குஞ்சு விடுவது நின்றது. 1989இல் ஏறத்தாழ 40,000 தொன்னாக இருந்த உள்நாட்டு மீன் உற்பத்தி 1994இல் ஏறத்தாழ 12,000 தொன்னாக விழுந்தது. அந்த வருஷம் ஆதரவு மீண்டது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, அதாவது சனங்கள் சொல்லும் ‘நெக்டா’, உருவானது. அதன் பிறகு உற்பத்தி ஏறி, 2014இல் 75,000 தொன்னைத் தாண்டியது. அந்த ஏற்றத்தில் பொரிப்பகங்களுக்கு மட்டுமல்ல, குளக்கரைக் கிராமச் சங்கங்கள் கூட்டிலும் குட்டையிலும் வளர்த்த விரலளவுக் குஞ்சுகளுக்கும் பங்குண்டு.

1990 முடிவைப் பற்றி நம்மவர் சிலர் ஏளனமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அயலவனின் கொல்லாமை, அரசனின் மீனுக்குச் சோறு போட்ட அதே பழைய மனசிலிருந்து வருகிறது. கண்டியில் ஆயிரம் வருஷப் பழக்கத்தைப் பேசும் நாம் அதை மதித்தே ஆகவேண்டும். அதே நேரம், அந்த நான்கைந்து வருஷத்தில் இழந்தது யார் என்பதையும் பார்க்கவேண்டும். வரண்ட வலயத்துக் குளக்கரை மீனவர்களில் பெரும்பாலானோர் சிங்களக் கிராமத்தவர்கள், பௌத்தர்கள். மலிவான மீனை இழந்த ஏழைச் சட்டி எல்லாச் சாதியினதும்தான்.

எங்கள் வயலின் மறுகரையில் ஒரு பன்சலை இருக்கிறது. குறிப்பு எழுத முன் அங்கேயும் போய்ப் பேசினேன். பெரிய ஹாமுதுருவோ சிரித்துக்கொண்டே, “மண் போட்டு நிரப்பாமல் விட்டாலே பெரிய புண்ணியம், போன வெள்ளம் எங்கள் படிக்கட்டு வரை வந்தது” என்றார்.

வேலி பெரிதானால்

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குப் பக்கத்தில் லகுனா த பே என்று ஓர் ஏரி. ஏறத்தாழ 90,000 ஹெக்டயர்; ஆழமோ சராசரி மூன்று மீற்றருக்கும் குறைவு. அடைப்பு வளர்ப்புக்கென்றே செய்துவைத்தது போன்ற நீர். 1970களின் தொடக்கத்தில் ஏரி அதிகார சபை சிறிய மாதிரி அடைப்பொன்றில் பால்மீன் வளர்த்துக் காட்டியது. தீனி போடத் தேவையில்லை. ஏரியின் பாசியைத் தின்றே நான்கு மாதத்தில் சந்தைக்கு வந்தது. ஏழை மீனவனுக்கு உதவும் என்றே தொடங்கினார்கள்.

ஆனால் கம்பும் வலையும் காவற்கூலியும் வாங்க ஏழையிடம் காசு இருக்கவில்லை; முதலாளிகளிடம் இருந்தது. 1983 ஆகும்போது ஏரியின் மூன்றிலொரு பங்குக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. பழைய மீனவன் வலை போடும் இடமும் ஓடம் போகும் வழியும் வேலிக்குள் போயின. சண்டை வந்தது, உயிர்களும் போயின. இத்தனை வாய்களுக்குப் பாசி போதாமல் நான்கு மாதத்தில் வளர்ந்த மீனுக்கு எட்டு மாதமும் அதற்கு மேலும் பிடித்தது. வேலிக்கு வெளியிலிருந்தவன் முதலில் தோற்றான். உள்ளேயிருந்தவன் பிறகு தோற்றான். கடைசியில் அரசு தலையிட்டு வேலிகளைப் பிடுங்கி, எல்லை வகுக்கவேண்டி வந்தது.

தூரத்துக் கதை என்று விடமுடியாது. நம் வடக்கில், கௌதாரிமுனையிலும் கிராஞ்சியிலும் 2021, 2022ஆம் ஆண்டுகளில் கடலட்டைப் பண்ணைகளின் வேலிகளுக்கு எதிராகச் சிறுமீனவர்கள் கிளம்பியபோது கேட்டதும் இதே கேள்விதான்: நேற்றுவரை எல்லாருக்கும் பொதுவாயிருந்த நீர் இன்று யாருடையது?

யாருடைய மீன்?

முன்வரிசைப் பெரியவர் கேட்டது சும்மா கேள்வியல்ல. நான் ஆலிம் அல்லன். ஓதிக் கேட்டதைச் சொல்கிறேன். நீரிலுள்ள மீனை விற்பதை நம் மார்க்கம் நிச்சயமற்ற வியாபாரம், கரர், என்று தடுத்திருக்கிறது. அதே நேரம், சின்ன அடைப்பில், கண்ணுக்குத் தெரியும்படி, கஷ்டப்படாமல் எடுக்கக்கூடியதாக இருந்தால் விற்கலாம் என்று ஷாபிஈ சட்ட நூல்கள் விளக்குகின்றன. பெரிய குளத்தில் பாடுபட்டுத் தேடிப் பிடிக்கவேண்டிய மீனைப் பிடிக்க முன் விலைபேச முடியாது. பொடியன் சொன்னது பாதி சரி: வேலி மீனை உடைமையாக்கும், வேலி சின்னதாக இருக்கும்வரை.

இன்னொரு வேலியும் நம் நினைவில் இருக்கவேண்டும். சனிக்கிழமைக்காரர்களின் வரலாறு அல்அஃராப் அத்தியாயத்தில் வருகிறது. தடுக்கப்பட்ட நாளில் மீன் திரண்டு வந்தது. அவர்கள் அன்று அதை அடைத்துவைத்து மறுநாள் எடுத்தார்கள் என்று தப்ஸீர்கள் விவரிக்கின்றன. கையால் பிடிக்கவில்லை, அடைத்தது மட்டுமே என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொன்னார்கள். அடைப்பதும் ஒரு செயல்தான், அதற்கும் கணக்கு உண்டு என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

தண்ணீரின் கணக்கு

வேலி சரி, நீர்? ஏரியிலிருந்து வழியும் நீர் மெத எலவாக மாறி, நகரின் கழிவையெல்லாம் ஏந்திக்கொண்டு கெட்டம்பேயில் மகாவலியோடு சேர்கிறது. அக்குறணைப் பக்கத்திலிருந்து பிங்கா ஓயா கடைத்தெருக்களின் அழுக்கோடு வருகிறது. கோஹாகொட குப்பைமேட்டின் கசிவும் ஆற்றுக்கே. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும், 1999இல் கண்டி ஏரியிலும் நீலப்பச்சைப் பாசி படர்ந்து நாறியது நினைவிருக்கும். உரமும் கழிவும் மிகுந்த நீரின் நோய் அது. அப்படியான நீரில் கூடு போட்டுத் தீனியும் கொட்டினால், மீன் தின்னாமல் விட்ட தீனியும் மீனின் கழிவும் அந்த நோயை வளர்க்கும். கட்டுகஸ்தோட்டையில் நாம் குடிக்க எடுக்கும் தண்ணீரும் இதே ஆற்றுத் தண்ணீர்தான்.

அசுத்தம் தின்று வளரும் பிராணியை நம் நூல்கள் ஜல்லாலா என்று தனியாகப் பேசுகின்றன. மீன் ஹலால் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஹலாலோடு தய்யிப் என்றும் ஒரு சொல் உண்டு. பள்ளியின் பெயரால் விற்கும் மீனுக்கு இரண்டும் வேண்டும்.

மீண்டும் வயலுக்கு

என் குறிப்பின் முடிவில் நான்கு விஷயம் எழுதினேன்.

ஒன்று, நிரப்பக்கூடாது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்புவது குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, அக்குறணை நகரம் மழைக்கு மழை மூழ்குவதைப் பார்த்துக்கொண்டே நாமும் ஒரு பள்ளத்தை மூடினால், அந்த வெள்ளம் யாருடைய வீட்டுக்குப் போகும்? அடுத்தவன் வீட்டுக்குள் தண்ணீரை அனுப்பி வரும் கடைவாடகையில் நோன்புக் கஞ்சி காய்ச்ச முடியாது.

இரண்டு, வக்புச் சொத்தின் பயன்பாட்டை மாற்றுவதானால் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின்கீழுள்ள வக்பு சபைக்கு அறிவிக்கவேண்டும்; மீன் வளர்க்க அனுமதிப்பத்திரமும் பெறவேண்டும். கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுக்கும் காரியமல்ல இது.

மூன்று, முதலில் தண்ணீரைச் சோதிக்கவேண்டும். சரியில்லை என்று வந்தால் மீனை மறந்துவிடவேண்டும். கோரையும் ஆம்பலும் தங்கள் வேலையைச் செய்யட்டும்.

நான்கு, தண்ணீர் நல்லதானால், வேலி குஞ்சுக்கு மட்டும். கால் ஏக்கருக்கு மேல் அடைக்கவேண்டாம். கடைத்தீனியைக் கொட்டிப் பெரிய மீன் வளர்த்து இலாபம் தேடுவதைவிட, நகத்தளவுக் குஞ்சை விரலளவாக்கி, விக்டோரியாவிலும் கீழேயுள்ள குளங்களிலும் இருக்கும் மீனவர் சங்கங்களுக்கு நெக்டா மூலம் கொடுக்கலாம். வேலிக்குள் எண்ணிக் கொடுக்கும் குஞ்சுக்கு விலை பேசுவதில் மார்க்கத் தடையுமில்லை. பள்ளிக்கு அளவான வருமானம், பொது நீருக்குப் புதுக் குடிகள். நம் மூத்தோர் கடலிலிருந்து மலைக்கு மீன் ஏற்றினார்கள். நாம் மலையிலிருந்து குளங்களுக்கு மீன் இறக்கினால் அது அந்தத் தவளத்தின் திரும்பு பயணம்.

குறிப்பை வாசித்து முடித்ததும் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை. பிறகு வாதம் தொடங்கியது. கடை கட்டுவதாயிருந்தவர்கள் இன்னும் மனம் மாறவில்லை. அனுமதிக் கடிதம் காரியாலயத்துக்குப் போயிருக்கிறது, தண்ணீர் மாதிரியும் போயிருக்கிறது. இரண்டுக்கும் பதில் வரவில்லை. ஒரு விஷயம் மட்டும் அன்றைக்கே முடிந்தது. பதில் வரும்வரை ஒரு லோட் மண்ணும் விழக்கூடாது என்று ஜமாஅத் ஏகமனதாகத் தீர்மானித்தது.

வெளியே வரும்போது அந்தப் பெரியவர் என் தோளில் கைபோட்டார். “மகன், நீங்க எழுதினது எல்லாம் சரி. ஒண்டு விட்டுப் போட்டீங்க. நாங்க சின்னப் பொடியன்மாரா ஈக்கக்குள்ள அந்த வயல்ல வேலியில்லாமலே மீன் ஈந்திச்சி.”

அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. கணுக்கால் தண்ணீரிலும் மீன் என்று நொக்ஸ் எழுதிய சீமை இது. அந்த மீன் எப்படி இல்லாமல் போனது என்ற கணக்கை, வேலி கட்டுமுன் நாம் எல்லாரும் சேர்ந்து எழுதிப் பார்க்கவேண்டியிருக்கிறது.